பங்கு போட்ட மாத்திரைகள்

நான் வேலை செய்யும் இடத்தில் மலேரியாவுக்குச் சாப்பாடு போடுகிறார்கள். எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது, ஆனால் உண்மை அதுதான். காலையில் நான் தள்ளுவண்டியோடு நடைக்கூடத்தில் போகும்போது கத்ரின் என்கிற ஆராய்ச்சி மாணவி வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டே ஓடிவருவாள். "நேரமாகிவிட்டது, அவை பசியோடு இருக்கும்" என்பாள். அவை என்று அவள் சொல்வது மலேரியாக் கிருமிகளை. மனித உடம்பின் சூடு கொண்ட ஒரு பெட்டிக்குள், தட்டையான சின்னக் குடுவைகளில் அவை குடியிருக்கின்றன. அவற்றுக்கு மனித ரத்தம்தான் உணவு. பழைய நீரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும், புது ரத்தம் சேர்க்க வேண்டும், ஒருநாள் மறந்தாலும் வாடிவிடும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக்கூட யார் வந்து ஊட்டுவது என்று முறை போட்டுக்கொள்கிறார்கள். இந்த வேலைக்கு வருமுன் இங்கே, ஜெர்மனியில், ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தேன். பண்டிகை நாளில் பார்க்க ஆள் வராமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த முதியவர்கள் பலரை அங்கே பார்த்திருக்கிறேன். மலேரியாவுக்கு இந்த நாட்டில் அந்தக் குறை இல்லை.

என் இடத்துக்கு ஷ்பூல்கூஷெ என்று பெயர். கழுவும் சமையலறை என்று அர்த்தம். சமையல் எதுவும் கிடையாது. ஆராய்ச்சிக்காரர்கள் பயன்படுத்திய கண்ணாடிச் சாமான்களை நீராவிப் பெட்டியில் அவித்து, கழுவி, காயவைத்து, பளபளவென்று திருப்பிக் கொடுப்பது என் வேலை. யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை. நான்கு பேர் இருக்கும் அறைக்குள் நுழையவே கூசுகிற எனக்கு அது வசதியாக இருக்கிறது. ஏற்காட்டில் கன்னியர் நடத்திய பள்ளியில் பத்தாவது வரை படித்தவள் நான். முதியோர் இல்ல வேலைக்கு ஆள் தேடி வந்த கன்னியர்களோடு எண்பதுகளின் தொடக்கத்தில் ஜெர்மனிக்கு வந்து, இன்று நாற்பது வயதைத் தாண்டியும் இங்கேயே இருக்கிறேன். ஊரில் இருப்பவர்கள் நாங்கள் இங்கே பனியிலும் சாக்லேட்டிலும் வாழ்வதாக நினைக்கிறார்கள். என்னைப்போல் வந்தவர்களோ ஊர்க்கதை என்றாலே கண் கலங்குகிறார்கள். நான் எழுத வந்தது இரண்டும் இல்லை. போன மழைக்காலத்தில் என் தம்பிக்கு வந்த காய்ச்சலைப் பற்றி. ஒரே காய்ச்சல் இரண்டு நாடுகளில் எப்படி இரண்டு வேறு பொருளாக இருந்தது என்பதைப் பற்றி.

என் தம்பி சூசை ஏற்காட்டு மலையில், வெள்ளக்கடை என்கிற எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில் வேலை செய்கிறான். எஸ்டேட் கொடுத்த, வரிசையாகக் கட்டிய லயன் வீடுகளில் ஒன்றில் மனைவி செயமேரியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் குடியிருக்கிறான். காப்பியில் வேலை குறைந்திருக்கும் மாதங்களில் மலையிலிருந்து பலர் சேலத்துக்கு இறங்கிக் கட்டட வேலைக்குப் போவார்கள். கட்டடத்துக்குத் தண்ணீர் தேக்கிய தொட்டிகளுக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்குவார்கள். திரும்பி வரும்போது துணிமூட்டையோடு காய்ச்சலும் மேலே ஏறிவரும். சூசைக்கும் அப்படித்தான் வந்தது, டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார்.

எங்கள் மலையில் ஒரு சங்கடம் உண்டு. மலேரியா முதலில் நடுக்கமாகத்தான் வரும். ஏற்காட்டில் யார் நடுங்கினாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது குளிர் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் சின்னப் பெண்ணாக இருந்த எழுபதுகளில் அப்பாவுக்குப் பல் கிட்டும் அளவுக்கு நடுக்கம் வரும். கம்பளியைப் போர்த்தி அடுப்போரம் உட்கார வைத்துவிட்டு அவரவர் வேலைக்குப் போவோம். மதியத்துக்குமேல் உடம்பு கொதிக்கும்போதுதான் இது மலைக்குளிர் இல்லை என்று தெரியும். அப்புறம் மலேரியாக்காரர் வருவார். தோளில் பையோடு வீடு வீடாக ஏறி இறங்கும் அரசாங்க ஊழியர் அவர். விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் சுவரில் தேதி எழுதிவிட்டுப் போவார். அந்தத் தகடு சேலத்துக்குப் போய் என்ன ஆகிறது என்று எங்களுக்குத் தெரியாது. அதில் யாரோ எங்கள் முகத்தைப் பார்ப்பார்கள் என்று நினைத்து நான் விரலை நன்றாகத் துடைத்துவிட்டு நீட்டுவேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் வெள்ளக்கடை மளிகைக்கடைக்குப் போன் செய்வது என் வழக்கம். போன் வந்ததிலிருந்து கடைக்காரர் மாணிக்கம் அண்ணன்தான் எங்கள் ஊருக்கும் உலகத்துக்கும் நடுவில் இருக்கிறார்.

"அலோ, ஆருங்க?"

"லூர்து பேசறனுங்கண்ணா, ஜெர்மனில இருந்து."

"அட, லூர்தக்காளா! ஏனுங்க, அங்க பனி உளுகுதுங்களா? இங்க ஒரே மூடுபனிங்க, எதுத்தாப்புல வர்ற மாடு தெரியில. இருங்க, சூசை இங்கதான் நிக்கறான். டேய், வா, ஒங்கக்கா."

சூசையின் குரல் மெலிந்திருந்தது.

"அக்கா, நல்லாருக்கறீங்களா?"

"நான் இருக்கட்டும். நீ எப்படி இருக்கற?"

"எனக்கென்னுங்க. காச்சல் உட்டுப்போச்சு. கால்ல கத்தி பட்ட காயந்தான் இன்னும் ஆறல. மேட்டுக் காட்டுக்கு ஏறுனா பாதியில உக்காந்துக்கறன். இருமலும் போகமாட்டேங்குது."

"ரைட்டர் என்னங்கறாரு?"

ரைட்டர் என்பவர் எஸ்டேட்டில் ஆள் பதிவையும் வேலையையும் பார்க்கிறவர். சூசை கொஞ்சம் சிரித்தான்.

"நான் நடிக்கறனாம். ‘காச்சலுந்தான் போயிருச்சே, இன்னும் என்னடா புது மாப்பள கணக்கா படுத்துக்கிட்டு’ங்கறாரு. பழம் பறிக்கத் தொடங்கறப்ப நான் வரலீன்னா பேர எடுத்துருவாராம். பேரு போனா ஊடும் போச்சுங்க."

அந்த வீடு போனால் அவர்களுக்குப் போக வேறு இடம் இல்லை. அப்பா அம்மா இருந்ததும் அதே வரிசையில் ஒரு வீட்டில்தான். சொந்தமாக எங்களுக்கு மலையில் இருப்பது கல்லறைத் தோட்டத்தில் இரண்டு சிலுவைகள் மட்டும். போனை வைத்துவிட்டு அந்த நாள் முழுவதும் ஆற்றோரம் நடந்தேன். உட்கார முடியவில்லை. காய்ச்சல் இல்லாத ஒருவன் ஏன் ஏற முடியாமல் உட்காருகிறான்? சின்ன வயதில் கரடியூர் மேட்டுக்கு விறகோடு ஓடி ஏறியவன். சோம்பேறி என்று அவனை யாரும் சொன்னதில்லை. ஆனால் ரைட்டர் சொன்னது எனக்குள்ளும் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. அதுதான் என்னை அதிகம் அலைக்கழித்தது.

அந்த வாரம் நான் ஒரு துணிச்சலான காரியம் செய்தேன். கேள்வி கேட்டேன். கத்ரின் குடுவைத் தட்டை என் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பும்போது, எனக்குத் தெரிந்த ஜெர்மனில், "என் தம்பி, மலேரியா. காய்ச்சல் இல்லை இப்போது. ஆனால் நோய் இருக்கிறது. ஏன்?" என்றேன். இத்தனை வருடத்தில் குட்டன் மோர்கன் என்ற காலை வணக்கம் தவிர நான் அவளிடம் சொன்ன முதல் வார்த்தைகள் அவை. அவள் நின்றாள். தம்பி எந்த ஊர், என்ன மாத்திரை என்று கேட்டாள். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு போய் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தாள்.

முதலில் என் கண்ணிமை மயிர்தான் தெரிந்தது. அப்புறம் வெளிறிய, பெரிய, வடிவம் இல்லாத ஒன்று. அதன் வயிற்றுக்குள் கரும்பழுப்பாகச் சின்னச் சின்னத் துகள்கள். காப்பி குடித்து முடித்த டம்ளரின் அடியில் தங்கும் கசடு போல இருந்தது. அவள் மெதுவாக, எனக்காகச் சின்ன வாக்கியங்களில் சொன்னாள். நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன். தப்பு இருந்தால் என்னுடையது.

மலேரியாக் கிருமி ரத்தத்தின் சிவப்பு அணுவுக்குள் போய் உட்கார்ந்து அதிலுள்ள சிவப்பைத் தின்கிறது. தின்றதில் ஒரு பகுதி அதற்கே விஷம். அதனால் அந்த மிச்சத்தைச் சிறு சிறு படிகமாகக் கட்டி ஓரமாக வைத்துக்கொள்கிறது. கிருமி பெருகி அணு வெடிக்கும்போது மற்றக் கழிவுகளோடு இந்தக் கருந்துகளும் ரத்தத்தில் கொட்டுகிறது. உடம்பைக் காக்கும் வெள்ளை அணுக்கள் அந்தக் குப்பையைத் தொட்டதும் கூச்சல் போடுகின்றன. அந்தக் கூச்சல்தான் நடுக்கமும் காய்ச்சலும். கூட்டிப் பெருக்குவதும் அவற்றின் வேலைதான், அதனால் துகளை விழுங்கிவிடுகின்றன. ஆனால் அதைச் செரிக்க அவற்றால் முடிவதில்லை. வயிற்றில் அப்படியே கிடக்கிறது, நான் பார்த்த கசடு அதுதான். அதற்குப் பிறகு வேறு நோய்க்கிருமி வந்து, மற்ற அணுக்கள் "வா, வா" என்று செய்தி அனுப்பினாலும், துகள் தின்ற அணு அசைவதில்லை. செய்தி அணுவின் வாசல்வரை வந்துவிடுகிறதாம். வாசலில் இருந்து உள்ளே கைமாறிக் கைமாறிப் போக வேண்டிய இடத்தில் எங்கேயோ அறுந்துவிடுகிறதாம். எங்கே அறுகிறது என்பதுதான் கத்ரினின் ஆராய்ச்சி.

ஏற்காட்டு மலைப்பாதையில் பஸ் ஏறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் முன்னால் டிரைவர் ஆரன் அடிப்பார். மேலிருந்து வரும் வண்டி அதைக் கேட்டு ஒதுங்கி நிற்கும். எதிரில் வருபவருக்கு ஆரன் காதில் விழுகிறது, ஆனால் கால் பிரேக்குக்குப் போகவில்லை என்றால் எப்படி இருக்கும்? எனக்கு அப்படித்தான் விளங்கியது. சூசை படுத்திருப்பது சோம்பலால் இல்லாமல் இருக்கலாம். கிருமி செத்த பிறகும் அதன் கசடு அவன் உடம்பின் காவல்காரர்களைச் செவிடாக்கி வைத்திருக்கலாம்.

உடனே நான் கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது. "எப்படிக் கழுவுவது?" என்றேன். கத்ரின் உற்சாகமாக, முதலில் ப்ளீச்சில் ஊறவைக்க வேண்டும், பிறகு நீராவிப் பெட்டியில் அவிக்க வேண்டும், எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதானே என்றாள். நான் குடுவையைக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டாள். நான் இல்லையென்று தலையை ஆட்டி என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். "தம்பி. உள்ளே. எப்படி?" அவள் முகம் மாறியது.

"எங்களுக்குத் தெரியாது, ஃபிராவ் லூர்து. எவ்வளவு காலம் இருக்கும் என்றும் சரியாகத் தெரியாது. இது கிண்ணத்தில் பார்ப்பது. உங்கள் தம்பி கிண்ணம் இல்லை. அவருக்கு ரத்தம் குறைந்திருக்கலாம், வேறு நோய் இருக்கலாம், மாத்திரையைச் சரியாகச் சாப்பிடாமல் கிருமி இன்னும் இருக்கலாம். முதலில் அவர் மறுபடியும் ரத்தம் பார்க்க வேண்டும்."

நான் எதிர்பார்த்தது இதை அல்ல. ஊரில் டாக்டர் என்றால் தெரியாது என்று சொல்லக் கேட்டதே இல்லை. எழுதிக் கொடுப்பார், நாங்கள் வாங்கிக்கொண்டு வருவோம். இத்தனை கண்ணாடியும் எந்திரமும் வைத்துக்கொண்டு, தெரியாது என்று ஒருத்தி நேராக என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. அதற்கப்புறம் மரியாதையும் வந்தது. எது முதலில் என்று இப்போது சொல்ல முடியவில்லை.

அடுத்த ஞாயிறு நான் நேராகவே கேட்டேன்.

"டாக்டர் குடுத்த மாத்திரைய முழுசாத் தின்னியா?"

"தின்னனுங்க."

"சூசை. முழுசா?"

அவன் இருமி முடித்துவிட்டுச் சொன்னான்.

"நீங்க வேறங்க்கா. அப்ப ஊட்ல எல்லாருக்குமே ஒடம்பு சூடாத்தான் இருந்துச்சு. செயமேரிக்கு ஒரு பாதி. சின்னதுக ரெண்டுக்கும் கால் கால். மிச்சம் நான் தின்னன்."

"பெரியவங்க மருந்தச் சின்னதுகளுக்குக் குடுக்கலாமாடா? ஏதாவது ஆயிருந்தா?"

"நம்ம அம்மா குடுக்கலியா? நாமென்ன செத்தா போயிட்டம்?"

பின்னாலிருந்து மாணிக்கம் அண்ணன் குரல் வந்தது. "அதானுங்க! எங்கூட்லயும் அப்புடித்தானுங்க்கா. ஒருத்தன் மட்டும் லபக்குன்னு முழுங்குனா மத்தவீக மூஞ்சிய எப்படிப் பாக்கறது?"

"அண்ணா, நீங்க செத்த சும்மா இருங்க."

"சரிங்க, நான் கடையப் பாக்கறன்" என்றார். அவர் நகரவில்லை என்பது மூச்சு சத்தத்திலேயே தெரிந்தது.

"சூசை, நான் சொல்றதக் கேளு. மருந்து பண்டமில்ல. அது ஒருத்தரு ஒடம்புக்குன்னு அளந்து குடுக்கறது. பாதி தின்னா கிருமி பாதியோட நிக்காது."

"தெரியுதுங்க. ஆனா புள்ளைங்க வாயப் பாத்துக்கிட்டு நிக்கறப்ப எப்படிங்க தனியாத் திங்கறது?" பிறகு ஒன்று சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். "நீங்க அங்க தனியாத் தின்னு பழகீட்டீங்க அக்கா."

அவன் சொன்னது அன்று முழுவதும் கூடவே வந்தது. எங்கள் வீட்டில் தனியாகத் தின்பதைவிட அசிங்கமான காரியம் வேறு இல்லை. அந்தோணியார் திருவிழாவில் வாங்கிய ஒரு மிக்சர் பொட்டலமானாலும், சாமியார் கொடுத்த ஒரு கேக்குத் துண்டானாலும், அம்மா முன்னால் வந்துவிட வேண்டும். மலேரியாக்காரர் ஒருவருக்கென்று கொடுத்த மாத்திரைகளுக்கும் அதே நியாயம்தான். "எல்லாத்தையும் அவரே திங்கோணும்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்வார். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு "ஆகட்டுங்க சார்" என்பாள். அவர் புதர் வேலியைத் தாண்டியதும் குழம்புச்சட்டி மூடியைக் கவிழ்த்து, அதன்மேல் வைத்து அரிவாளால் நறுக்குவாள். ஒரே கூரைக்கடியில் தூங்குகிறோம், ஒரே பானைத் தண்ணீர் குடிக்கிறோம், காய்ச்சல் மட்டும் ஒருவருக்கு என்று எப்படி ஒதுங்கி நிற்கும்? இதுதான் அவள் நினைப்பு. அவளை முட்டாள் என்று என்னால் சொல்ல முடியாது. எங்களுக்கு அவள் கொடுத்தது அன்புதான். அந்தக் கசப்புத் துண்டை நாக்கில் வைத்ததும் வாயை மூடிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்போம். யாருக்கும் முழுதாகக் குணமாகாமல் காய்ச்சல் வருடம் முழுவதும் வீட்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இங்கே வேலையிடத்தில் எங்கள் மாடியில் ஒரு குளிர்ப்பெட்டி இருக்கிறது. அதற்குள் வரிசையாகத் தயிர்க் கிண்ணங்கள். ஒவ்வொன்றின் மூடியிலும் பெயர். வந்த புதிதில் அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டேன். ஒரே அறையில் வேலை செய்கிறவர்கள், ஒருவர் தயிரை இன்னொருவர் எடுத்துவிடுவார் என்றா பயப்படுகிறார்கள்? மறுநாள் மதியம் அந்தப் பெட்டியைத் திறந்து என் கிண்ணத்தை எடுத்தபோது மூடியில் லூர்து என்று என் கையெழுத்து இருந்தது. எப்போதிலிருந்து எழுதத் தொடங்கினேன் என்று நினைவில்லை. தம்பி சொன்னது சரிதான். நின்றுகொண்டே அதைத் தின்று முடித்தேன்.

கத்ரினிடம் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குப் புரியவே இல்லை. "ஆனால் அது அவருடைய மாத்திரை" என்றாள். எங்கள் வீட்டில் அவருடையது என்று எதுவும் கிடையாது என்றேன். உங்கள் மதத்தில் அப்படி ஒரு சட்டமா என்று மிகவும் பணிவாகக் கேட்டாள். இல்லை, நாங்கள் கத்தோலிக்கர் என்றேன். கத்ரினும் கத்தோலிக்கர்தான். அவள் இன்னும் குழம்பிப்போனாள். அதற்குமேல் விளக்க என்னிடம் ஜெர்மன் இல்லை. தமிழில் இருந்திருந்தாலும் விளக்கியிருப்பேனா தெரியாது.

தம்பியிடம் பேசிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. அடுத்த தடவை செயமேரியை வரச்சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். துகளைப் பற்றிச் சொல்லவில்லை, அது எனக்கே அரைகுறை. எல்லாருக்கும் ரத்தம் பார்க்க வேண்டும், யாருக்குக் கிருமி இருக்கிறதோ அவர் மட்டும் முழு மாத்திரையும் தின்ன வேண்டும், பிள்ளைகளுக்கு டாக்டர் சொல்லாத மருந்து கூடவே கூடாது என்று மட்டும் சொன்னேன். அவள் "ம், ம்" என்றாள். செய்வாளா என்று தெரியாது. காத்திருந்த அந்த நாட்களில் இரண்டு பெரிய குடுவைகளை உடைத்தேன். டிக்கெட் விசாரிக்க ஏஜென்சி வாசல்வரை போனேன். நான் போய் நின்றால் மட்டும் என்ன செய்துவிட முடியும் என்று திரும்பி வந்தேன். பாதி வழியில் மறுபடியும் போகலாமா என்று நின்றேன். இங்கே இருந்தால் அங்கே இருக்க வேண்டும் போலிருந்தது. அங்கே போனதாக நினைத்துப் பார்த்தால் அந்த வீட்டில் நான் எங்கே படுப்பேன் என்பதே தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு போனை எடுத்ததே செயமேரிதான். மாணிக்கம் அண்ணனைத் தள்ளிவிட்டு எடுத்திருக்க வேண்டும்.

"நங்கையா, நாந்தானுங்க." கணவனின் அக்காவை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்பார்கள். "ஆசுபத்திரியில எல்லாத்துக்கும் ரத்தம் எடுத்தாங்க. எங்களுக்கெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அவருக்குத்தான் இன்னும் பூச்சி இருக்குதாம். ரத்தமும் கம்மிங்கறாங்க. டாக்டரம்மா திட்டுன திட்டுல அவரு செவுத்தோட ஒட்டிக்கிட்டாரு. மறுக்காவும் மாத்திரை குடுத்திருக்கறாங்க."

"திங்கறானா?"

"அதக் கேளுங்க. மொத நாளு கைல வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறாரு. புள்ளைங்க அவரு வாயப் பாக்குது, அவரு புள்ளைங்க மூஞ்சியப் பாக்கறாரு. சோறு ஆறிப்போச்சுங்க. நான் பாத்தன். மாணிக்கண்ணங் கடைல வெள்ளப் பெப்பர்மிட்டு முட்டாயி வாங்கியாந்துட்டன். ராத்திரிச் சோத்துக்கு முன்னாடி செபம் சொல்லி முடிச்சோடன சட்டி மூடியில ஆளுக்கொண்ணு வெச்சுருவன். அவரோடத மட்டும் எங்கையிலயே வெச்சிருந்து நேரா அவரு வாயில போட்டுருவனுங்க, மாறிரக் கூடாது பாருங்க. அவரு அவரோடத முழுங்கறாரு, நாங்க எங்களோடதச் சப்பறோம்."

"உனக்கும் ஒண்ணா?"

"பின்ன? நான் மட்டும் சும்மா பாத்துக்கிட்டு இருக்கணுங்களா?"

சிரித்துவிட்டேன். கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். "அவன் ஒத்துக்கிட்டானா?"

"‘எனக்கு மட்டும் கசப்பு, உங்களுக்கெல்லாம் இனிப்பா’ன்னு சண்டைக்கு வந்தாருங்க. ‘பாதி வேணுமா, தர்றன்’னு என் வாயில இருந்ததக் காட்டுனன். சிரிச்சுட்டாரு."

"ரைட்டர்?"

"நாம் போயி ஆபீசு வாசல்ல நின்னனுங்க. ‘உம்புருசனுக்குக் காப்பிச்செடி நெழலுதான் புடிக்கும்’னாரு. ‘நெழலுல உக்காந்து செய்யற வேலையாக் குடுங்க, பாப்பம்’னன். ஆசுபத்திரிச் சீட்டையும் நீட்டுனன். நாத்துப் பையில மண்ணு ரொப்பற வேலைக்குப் போட்டிருக்கறாரு. பழம் பறிக்கறப்ப பாத்துக்கலாங்கறாரு. அதுக்குள்ள கால் ஆறோணும். ஓரத்துல காஞ்ச மாதிரி இருக்குதுங்க. மாதிரிதானுங்க, நான் நிச்சயமாச் சொல்ல மாட்டன்."

கத்ரினும் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

போனை வைக்கும்போது செயமேரி சொன்னாள்: "மறந்துட்டனுங்க. மூடியில உங்களுக்கும் ஒண்ணு வெக்கறமுங்க நங்கையா. மூத்தவதான் வெக்கணும்னா. அத்தை சொல்லித்தானே இந்த மருந்து, அப்ப அவங்க பங்குன்னு."

இப்போது எங்கள் ஊரில் பழம் சிவக்கத் தொடங்கியிருக்கும். பறிப்புக்கு ரைட்டர் ஆள் எடுக்கும் நாள் வரை எனக்கு நிம்மதி இல்லை. கிருமி போய்விடும் என்று நம்புகிறேன். ஆனால் அந்தக் கரிய துகள், அது எப்போது அவனை விட்டுப் போகும், அவன் அணுக்கள் எப்போது மறுபடியும் கூப்பிட்ட குரலுக்கு எழுந்து வரும்? தினமும் கத்ரினின் முகத்தைப் பார்க்கிறேன். கண்டுபிடித்துவிட்டாளா என்று கேட்பதில்லை. அவளும் என்னைப் பார்த்ததும் லேசாகத் தலையை ஆட்டிவிட்டுப் போகிறாள், இன்னும் இல்லை என்பதுபோல.

அங்கே செபம் முடியும் நேரம் இங்கே மதியம் இரண்டரை. அந்த நேரத்தில் நீராவிப் பெட்டி கதவைத் திறந்தால் ஷ்பூல்கூஷெ முழுவதும் எங்கள் மூடுபனிபோல ஆகிவிடும். கோட்டுப் பையிலிருந்து ஒரு பெப்பர்மிண்ட் எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறேன். இந்த நாட்டுப் பெப்பர்மிண்ட் வெள்ளையாகத்தான் இருக்கிறது, ஆனால் காரம் மூக்கில் ஏறுகிறது. நேற்று பக்கத்து அறையில் வேலை செய்யும் ஃபிராவ் பெக்கர் என்ற அம்மா அதைப் பார்த்துவிட்டு, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "இல்லை, மருந்து" என்றேன். "யாருக்கு?" என்றார். "தம்பிக்கு" என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளக்கடையில் அப்போது எல்லாரும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டிருப்பார்கள். மூடியில் ஒன்று மட்டும் மிச்சம் இருக்கும். அதை யாரும் தொடாத அந்தக் கொஞ்ச நேரம் நானும் அந்த வீட்டில் இருக்கிறேன். பிறகு யாரோ ஒருத்தி அதை எடுத்துத் தின்றுவிடுகிறாள். நான் அடுத்த தட்டுக் குடுவைகளை எடுத்து அடுக்கத் தொடங்குகிறேன்.